திரும்பி வராத மூன்றாம் கம்பி

"அண்ணா, பாரை ஒரு தடவை தொட்டாப் போதும். அப்புறம் ஜி கம்பி மட்டும் ஏறியே நிக்குது. பாட்டு முடியறதுக்குள்ள நாலு தடவ ட்யூன் பண்றேன்."

மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் ஒரு தம்பி போன ஆடி மாதம் என் மேசையில் கிட்டாரை வைத்துவிட்டுச் சொன்னது இது. ஆடியில் சென்னையைச் சுற்றி அம்மன் கோயில் கச்சேரிகள் வரிசையாக இருக்கும். மறுநாள் மாலையும் அவனுக்கு ஒரு மேடை. பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தேன். ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளையும் அவனே முடிந்த மட்டும் முறுக்கி வைத்திருந்தான். பார் என்பது சுருதியை அசைக்கும் கைப்பிடி; அதை அழுத்தினால் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ்தான் ஆடுகிறது, ஆகவே தப்பும் அங்கேதான் என்று அவன் நினைத்தது இயல்பு. நானும் இந்த வேலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் நடப்பது ஒரு தராசு வேலை. மேலே ஆறு கம்பிகள் பிரிட்ஜைக் கழுத்துப் பக்கம் இழுக்கின்றன. உடலின் பின்னால், குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமமாகும் இடத்தில் பிரிட்ஜ் நிற்கிறது. லியோ ஃபெண்டர் 1954-இல் இந்த அமைப்போடு அந்தக் கிட்டாரை வெளியிட்டார். ட்ரெமலோ என்று பெயரும் வைத்தார். உண்மையில் ட்ரெமலோ என்றால் ஒலியின் அளவு கூடிக் குறைவது; இந்தப் பார் அசைப்பதோ சுருதியை, அதற்குப் பெயர் வைப்ரேட்டோ. பெயர் மாறிப்போய் எழுபது வருடம் ஆகிவிட்டது. நாமும் அப்படியே சொல்கிறோம்.

தராசு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 9-42 செட் கம்பியை (எண்கள் கம்பிகளின் தடிமனைச் சொல்பவை) வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் ஆறும் சேர்ந்து சுமார் 38 கிலோ இழுக்கும். 10-46 செட் போட்டால் அது 47 கிலோ பக்கம் போகும். அந்தத் தம்பி நாதம் கனமாக வேண்டும் என்று 9-இலிருந்து 10-க்கு மாறியிருந்தான். ஒன்பது கிலோ கூடியதில் பிரிட்ஜ் முன்னால் தூக்கிக்கொண்டது, அதை அடக்க அவன் திருகை முறுக்கினான். அதுவரை அவன் செய்தது சரி. ஆனால் கம்பி தடித்தால் இன்னொரு இடத்திலும் மாற்றம் வரும். அந்த இடத்தை அவன் பார்க்கவில்லை.

கழுத்தின் உச்சியில் கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைத் துண்டைத்தான் சொல்கிறேன், நட். அதில் ஆறு சின்ன வெட்டுகள் இருக்கும். பாரை அழுத்தினால் கம்பி தளரும். அப்போது நட்டுக்கும் கம்பியை முறுக்கும் ட்யூனருக்கும் நடுவில் இருக்கும் துண்டு, கம்பியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பாரை விட்டதும் அதே அளவு திரும்பி வர வேண்டும். வெட்டு இறுக்கமாக இருந்தால் வராது, அங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்போது சுருதி ஏறி நிற்கும். மூன்றாம் கம்பியான ஜியில் இது அதிகம். மேலே மெல்லிய கம்பி சுற்றாத கம்பிகளில் தடித்தது அதுதான். ட்யூனரைத் திருப்பும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் திருப்புளியைத் தொடும் முன் பத்து நிமிடம் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பார். பாரை அழுத்தி விடுவார், சுருதி காட்டும் கருவியைப் பார்ப்பார். பிறகு மேலே இழுத்து விடுவார், மறுபடி பார்ப்பார். அழுத்தி விட்டபின் ஒரு கம்பி மட்டும் ஏறி நின்றால் நட்டைப் பார். ஆறுமே சேர்ந்து இறங்கி நின்றால் பிரிட்ஜ் தன் இடத்துக்கு முழுசாகத் திரும்பவில்லை, அதன் அடியைப் பார். அவர் சொன்ன இந்த ஒரு சோதனை என் எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது. இன்றும் எந்தக் கிட்டார் வந்தாலும் முதலில் கேட்கத்தான் உட்காருகிறேன்.

தம்பியின் கிட்டாரில் மூன்றாவது, நான்காவது வெட்டுகளை அரத்தால் ஒரு நூலிழை அகலப்படுத்தினேன். அகலம் மட்டும்தான்; ஆழம் கூடினால் விரல் வைக்காத வெற்றுக் கம்பி, கழுத்தின் முதல் உலோகக் கோடான ஃபிரெட்டில் உரசி இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டி வரும். வெட்டின் அடி ட்யூனர் பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். அப்புறம் மென்மையான பென்சிலின் கரியை உள்ளே தேய்த்தேன். கிராஃபைட் நல்ல வழவழப்பு தரும். இதற்கென்றே விற்கும் பசைகளும் நல்லவைதான், ஆனால் பென்சில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கம்பியை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கொக்கியின் அடியிலும், பிரிட்ஜின் மேல் கம்பி உட்காரும் சேடில்களிலும் அதையே தொட்டு வைத்தேன்.

பிறகு தராசு. பிரிட்ஜுக்கு அடியில் தொங்கும் உலோகக் கட்டைக்கும் குழியின் பின்சுவருக்கும் நடுவே ஒரு சின்ன மர ஆப்பைச் செருகினேன், கம்பிகள் எவ்வளவு இழுத்தாலும் பிரிட்ஜ் தூக்காதபடி. ஆறு கம்பியையும் சுருதிக்குக் கொண்டுவந்துவிட்டு, தகட்டின் திருகுகளை முதலில் தளர்த்திவிட்டு, பிறகு மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முறுக்கினேன். ஆப்பு தானாகத் தளர்ந்து விழும் நொடியில் இரண்டு பக்கமும் சமம். ஆப்பு இல்லாமலும் செய்யலாம். ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும், அதைத் துரத்திக்கொண்டே ஒரு மணி நேரம் போகும். பிரிட்ஜின் பின்விளிம்பு உடலிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி விட்டேன். ஃபெண்டர் சொல்லும் அளவும் அதுவே.

பாரைத் தொடவே மாட்டேன் என்பவர்களுக்கு நான் வேறு மாதிரி செய்வேன். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராட்டில் ஐந்து ஸ்பிரிங்கும் போட்டு, கட்டைக்குப் பின்னால் மரத்துண்டும் வைத்து பிரிட்ஜை அசையாமல் நிறுத்திவிட்டார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுருதி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பூட்டும் வகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மிகப் பெரிய தவறு அதில்தான் நடந்தது. 1970-களின் கடைசியில் ஃப்ளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கர், கம்பியை நட்டிலும் பிரிட்ஜிலும் இரண்டு பக்கமும் பூட்டிவிட்டால் உரசி மாட்ட இடமே இருக்காது என்று யோசித்தார். கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் கையில் அது உலகம் முழுக்கப் போனது. அந்த பிரிட்ஜ் இரண்டு தூண்களின் மேல் கத்தி முனை போன்ற விளிம்பால் மட்டும் நிற்கிறது. அந்த முனை கூராக இருக்கும்வரை பாரை எப்படி ஆட்டினாலும் அதே இடத்துக்கு வரும்.

வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், தேவாலயத்தில் வாசிக்கும் ஒரு பெரியவர் தன் கிட்டாரில் கம்பி உயரத்தைக் குறைக்கச் சொன்னார். கம்பிகள் முழு இழுப்பில் இருக்கும்போதே தூண்களைத் திருப்பிவிட்டேன். அந்த 38 கிலோவும் விளிம்பைத் தூணோடு அழுத்திக்கொண்டிருக்க, நான் தூணைச் சுழற்றினேன். விளிம்பு மழுங்கிவிட்டது. அவர் வாசித்துப் பார்த்தபோது பாரை விட்டதும் ஆறும் ஒரு மயிரிழை இறங்கி நின்றன. நான்தான் கெடுத்தேன் என்று அவரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை, "ஞாயிற்றுக்கிழமைக்கு வேற கிட்டார் வாங்கிக்கறேன்ப்பா, நீ இதைச் சரிபண்ணு" என்றார். அடித்தட்டை என் செலவில் வரவழைத்து மாற்றினேன். அன்றிலிருந்து கம்பியைத் தளர்த்தாமல் தூண்மேல் கை வைப்பதில்லை.

சென்னையில் இன்னொரு எதிரி வியர்வை. கடற்காற்றும் வியர்வை உப்பும் சேர்ந்து சேடில் திருகுகளையும் அந்தக் கூர் விளிம்பையும் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியை அடிவரை துடைத்தால் பாதிப் பிரச்சினை வராது. புதுக் கம்பி போட்டால் விரலால் நன்றாக இழுத்து நீட்டிவிட வேண்டும். ட்யூனரில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம், சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதும் சுருதியைக் கெடுக்கும். மேடைக்கு அரை மணி முன்பே கிட்டாரை உறையிலிருந்து எடுத்து வைக்கச் சொல்வேன். ஏசி காரிலிருந்து நேராக விளக்கு வெளிச்சத்துக்குப் போனால் கம்பி சூடேறிச் சுருதி இறங்கும்.

மறுநாள் இரவு பதினொன்றரைக்குத் தம்பி போன் செய்தான். பின்னால் நாதஸ்வரமும் வேட்டுச் சத்தமும். "அண்ணா, கடைசிப் பாட்டு வரைக்கும் ட்யூனரத் தொடவே இல்ல" என்றான். ஜி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். போனை ஆம்ப்ளிஃபையர் பக்கம் நீட்டி பாரை அழுத்தி விட்டு, மூன்றாம் கம்பியை மட்டும் மீட்டினான். கேட்டுக்கொண்டே இருந்தேன்.