ஆவணி ஆயில்யத்தில் நாகைக் கடற்கரை

நாகப்பட்டினத்துக்குச் சாமி கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் அவசரத்திலேயே வருகிறார்கள். காலையில் வேளாங்கண்ணி, சாயங்காலம் நாகூர், இடையில் சிக்கல் சிங்காரவேலர். அப்புறம் வேனில் யாராவது ஞாபகப்படுத்தினால் நீலாயதாட்சி. அரை மணி நேரத்தில் அர்ச்சனையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உத்தியோக மாற்றலில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து நீலா தெற்கு வீதியில் குடியேறியிருக்காவிட்டால் நாங்களும் அப்படித்தான் பார்த்துவிட்டுப் போயிருப்போம். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்கே அம்பாள் பெயர்தான். விலாசம் எழுதும்போதெல்லாம் 'நீலா' என்று எழுதுவது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

சுவாமி காயாரோகணர். புண்டரீக முனிவரை உடம்போடு தன்னிடம் சேர்த்துக்கொண்டவர் என்பது தலபுராணம். தேவாரம் பாடிய மூவருமே இங்கே பாடியிருக்கிறார்கள். அதில் சுந்தரர் சங்கதியே தனி. முத்தாரம் வேண்டும், கஸ்தூரி மணக்கும் சாந்து வேண்டும், காற்றைப் போல ஓடும் குதிரை வேண்டும் என்று சுவாமியிடம் உரிமையோடு பட்டியல் போடுகிறார். கப்பல்கள் வந்து இறங்கிய துறைமுகத்தில், எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்று தெரிந்து கேட்டிருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

அம்பாள் சந்நிதிக்குப் போனால் நந்தியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கழுத்தைத் திருப்பி, ஒரு கண்ணால் அம்பாளையும் மறு கண்ணால் சுவாமியையும் பார்ப்பதாகச் சொல்வார்கள். இரட்டைப் பார்வை நந்தி என்று பெயர். முன்னால் நின்றால் சாதாரண நந்திதான். பக்கவாட்டுக்கு நகர்ந்தால்தான் அந்தத் திருப்பம் பிடிபடும். தியாகராஜர் எழுந்தருளியிருக்கும் ஏழு ஊர்களான சப்தவிடங்கத் தலங்களில் இதுவும் ஒன்று. இங்குள்ள தியாகராஜர் சுந்தரவிடங்கர். அவருடைய நடனம் பாராவாரதரங்கம், அதாவது கடல் அலையின் அசைவு. திருவாரூரில் மூச்சுக்காற்றைப் போல ஆடுகிறவர், கடற்கரைக்கு வந்தால் அலையைப் போல ஆடுகிறார்.

இதெல்லாம் வருஷம் முழுக்கப் பார்க்கலாம். ஆவணி மாத ஆயில்யத்தன்று நடப்பதை அன்றைக்கு மட்டும்தான் பார்க்க முடியும்.

அதிபத்த நாயனார் இந்த ஊர்க்காரர். நுளைப்பாடியில் பரதவர் குலத்தில் பிறந்தவர். வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். ஒரு காலத்தில் மீன்பாடு அற்றுப்போய், நாளுக்கு ஒரு மீன்தான் கிடைத்தது. அதையும் விட்டார். வீட்டில் பட்டினி. கடைசியில் ஒருநாள் பொன்னும் மணியுமாக ஜொலிக்கும் மீன் ஒன்று வலையில் வந்தது. கூட இருந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். அவர் அதையும் கடலில் விட்டார்.

சைவச் சாப்பாட்டு வீட்டில் வளர்ந்த எனக்கு, மீனைச் சாமிக்குக் கொடுப்பதா என்று சின்ன வயதில் ஒரு நெருடல் இருந்தது. கதையைச் சரியாகக் கேட்டால் அதில் படையல் கிடையாது, சமையலும் கிடையாது. பிடித்த கையே விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். எனக்கு அறுபத்து மூவரில் மனசுக்கு மிக நெருக்கமானவர் இவர்தான்.

எங்கள் தெருவில் மீன் கொண்டுவரும் அக்காவுக்கு நாங்கள் வாங்கமாட்டோம் என்று தெரியும். இருந்தாலும் பக்கத்து வீட்டு வாசலில் கூடையை இறக்கும்போது என்னோடும் பேசுவார். மீன்பிடித் தடைக்காலம் அறுபத்தொரு நாளும் வீட்டில் பணம் எப்படிப் புரண்டது என்பதெல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். ஆயில்யத்துக்கு வருவதாகச் சொன்னபோது, "சாமி கும்புட வாறீங்களா, கூட்டம் பாக்க வாறீங்களா?" என்றார். ரெண்டுக்கும் என்றேன். "அப்ப முன்னாடியே வந்து அலைவாய்ல நில்லுங்க. மேட்டுல நின்னா தலைதான் தெரியும்."

அவர் சொன்ன இடத்தில்தான் நின்றோம். மீனவ ஊர்க்காரர்கள் பழம், பூ, பட்டு என்று சீர்வரிசைத் தட்டுகளோடு மேளதாளத்துடன் வந்தார்கள். சாமிக்குச் சீர் செய்கிற இடத்தில் அன்றைக்கு அவர்கள்தான். அதிபத்தர் உற்சவரைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோனார்கள். படகு கிளம்புமுன் தங்க மீன் இருந்த தட்டு எங்கள் பக்கமாகக் கடந்து போனது. சின்ன மீன்தான். தட்டைப் பிடித்திருந்த பெரியவரின் விரல்கள் வலைக்கயிறு அறுத்து அறுத்துக் காய்த்துப்போயிருந்தன. மீனைவிட அந்த விரல்களைத்தான் அதிக நேரம் பார்த்தேன் போலிருக்கிறது. தங்க மீனையும் வெள்ளி மீனையும் வலையில் பிடிப்பதுபோல் பிடித்துக் கடலில் விட்டதும், கரையில் எழுந்த 'நமச்சிவாய' சத்தத்தில் பக்கத்திலிருந்தவர் பேச்சுகூடக் கேட்கவில்லை.

கூட்டத்தில் இருந்த பலருக்கும் 2004 டிசம்பர் 26 மறந்திருக்காது. சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரை, ஆறாயிரத்துக்கும் மேல், இழந்தது இந்த மாவட்டம். அதே கடலுக்குச் சீர்த்தட்டோடு வருகிறார்கள். மீன் அக்காவிடம் இதைப் பற்றி நான் கேட்டதில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

இந்த ஊருக்குக் கடல் வழியாக வந்த சாமிகளும் உண்டு. கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் இங்கே கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். கடைசியாக மிச்சமிருந்த செங்கல் கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். இங்கே தோண்டி எடுத்த புத்தர் சிலைகளைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். ஊரில் அதற்கு ஒரு நல்ல இடம் இல்லையே என்பது என் வருத்தம். நாகூர் தர்காவின் 131 அடிப் பெரிய மினாரா தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. தர்காவின் வருஷாந்திரத் திருவிழாவான கந்தூரியில் சந்தனக்கூடு நாகையிலிருந்துதான் நாகூருக்குக் கிளம்புகிறது.

சௌந்தரராஜப் பெருமாளை விட்டுவிடாதீர்கள். "அச்சோ ஒருவர் அழகியவா" என்று திருமங்கையாழ்வார் மலைத்துப்போன இடம். அங்கே எட்டுக் கைகளோடு ஒரு நரசிம்மர் இருக்கிறார். சின்ன உற்சவர்தான். ஒரு கை பிரகலாதன் தலைமேல் ஆசியாக இருக்கிறது, மற்ற கைகள் இரணியனைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. அர்ச்சகரிடம் கேட்டால் தீபத்தைக் கிட்டத்தில் காட்டுவார்.

ஆயில்யத்துக்கு வர நினைப்பவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவணியில் இந்த நட்சத்திரம் அமாவாசையை ஒட்டியே வரும். கடற்கரையில் நிலா வெளிச்சம் இருக்காது, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சில வருஷம் இது வேளாங்கண்ணித் திருவிழாவோடு, அதாவது ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரைக்குள், வந்து விழும். அப்படி விழுந்தால் நாகையில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. திருவாரூரில் தங்கிக்கொண்டு வருவது உத்தமம். தியாகராஜரையும் பார்த்த மாதிரி ஆயிற்று.