"நேத்து காலையில பிள்ளை என்ன பண்ணுச்சு?"

"பிள்ளையை ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலை?" என்று வாசலில் நின்று கேட்டால், பெரும்பாலும் மூன்று பதில்தான் வரும். படிப்பு ஏறலை, உடம்பு சரியில்லை, அடுத்த வாரத்திலிருந்து போவான். கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடித் தன்னார்வக் கணக்கெடுப்புக்குப் போகிற எங்கள் படிவத்தில் முதல் கேள்வியே இதுதான். கேட்கிறவன் யாரென்று தெரியாத வீட்டில், அதுவும் பிள்ளை வேலைக்குப் போகிறதா என்று சோதிக்க வந்திருப்பானோ என்று பயப்படுகிற வீட்டில், வேறென்ன சொல்வார்கள்? நான் இப்போதெல்லாம் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, "நேத்து காலையில பிள்ளை என்ன பண்ணுச்சு?" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், போடிப் பக்கத்து அக்கா ஒருவர் சொன்னார்: "நேத்தா? நான் காய் எடுக்கப் போயிட்டேன் தம்பி. இவதான் சின்னவனை வச்சிருந்தா, கஞ்சி காய்ச்சுனா, அவன் தூங்குன பெறகு துணி அலசுனா." 'இவ' என்ற பிள்ளைக்கு ஒன்பது வயசு. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாங்கள் பேசி முடிக்கும்வரை பக்கம் மாற்றி மாற்றித் தூக்கியபடி நின்றாள். கட்டியிருந்தது பள்ளிக்கூட யூனிஃபார்ம் பாவாடை. வளர்ந்ததால் கீழ் மடிப்பைப் பிரித்துவிட்டிருந்தார்கள், பழைய மடிப்பிருந்த இடத்தில் மட்டும் வெளுக்காமல் ஒரு கோடு. அவள் பெயர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அதனால் எந்தக் கணக்கிலும் அவள் பள்ளி செல்லாக் குழந்தை கிடையாது.

சரி, அந்தக் கைக்குழந்தையை வேறு எங்கே விடுவது? அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்கு மூன்று வயசு ஆகவேண்டும். 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் கிரச் (வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம்) வைக்கச் சொன்னது, ஆனால் 50 பெண்களாவது வேலை செய்கிற தோட்டத்துக்கு, அல்லது அவர்களுக்குக் குறைந்தது 20 குழந்தைகள் இருக்கிற இடத்துக்கு. பெரிய தேயிலைக் கம்பெனிக்குச் சரிப்பட்டு வரும். ஏலம் அப்படியில்லை, இரண்டு ஏக்கர் மூன்று ஏக்கர்க்காரர்கள்தான் அதிகம், அங்கே வேலைக்கு நிற்பது ஏழெட்டுப் பேர். ஆக அந்த வீட்டின் கிரச் மூணாங்கிளாஸ் படிக்கவேண்டிய அக்காதான். 'பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கைகளில் எழுதுகிறார்களே, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த அம்மாவுக்கு எல்லா விழிப்புணர்வும் இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

அடுத்தது காலக்கணக்கு. கேரளத்தில் பள்ளி திறப்பது ஜூனில். ஆறாவது வேலை நாளில் தலையை எண்ணி, அதை வைத்து ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்கிறார்கள். ஏலக்காய் எடுப்பு சூடுபிடிப்பது அதற்கப்புறம்தான், ஆகஸ்ட் வாக்கில் தொடங்கினால் ஒரே செடியில் திரும்பத் திரும்ப எடுத்து ஜனவரி வரைக்கும் போகும். அதனால் எண்ணுகிற அன்றைக்குப் பிள்ளை வகுப்பில் இருக்கும், ஓணம் முடிந்து போய்ப் பார்த்தால் இருக்காது. தமிழ்வழி வகுப்புகளில் ஏற்கெனவே தலை குறைவு, அதில் பெயரை யார் நீக்குவார்கள்? பெயர் குறைந்தால் பணியிடம் போய்விடும், ஆசிரியர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

இதில் மாநில எல்லைச் சிக்கல் வேறு. பிள்ளையின் பெயர் கம்பத்தில் பாட்டி வீட்டுப் பக்கத்துப் பள்ளியில், பிள்ளை இங்கே மலை மேல். மாணவர் விவரத்தைக் கணினியில் பதிய தமிழ்நாட்டுக்கு எமிஸ், கேரளத்துக்கு சம்பூர்ணா, இரண்டும் தனித்தனிக் கணக்கு. இங்கே சேர்க்கப் போனால் டி.சி. (பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ்) கொண்டு வா என்று திருப்பி அனுப்பிய பள்ளியையும் பார்த்தேன். 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு டி.சி. தாமதமானால் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது, 14ஆம் பிரிவு வயதுச் சான்று இல்லையென்றாலும் மறுக்கக் கூடாது என்கிறது. இந்த இரண்டையும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் அச்சடித்துக் கையில் வைத்திருக்கிறோம். ஹெட்மாஸ்டரிடம் வாதாடுவதைவிட தாளை நீட்டினால் வேலை சீக்கிரம் முடிகிறது.

தூரம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர், காலால் நடந்தால் ஒரு பள்ளம் இறங்கி ஏறவேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வேன். சின்னக்கானல் பக்கமென்றால் யானையும் சேர்த்தி. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக் கொண்டுபோன பிறகும் அந்தப் பயம் முழுசாகப் போய்விடவில்லை.

இப்போது பெரிய இடைவெளி ஜார்கண்ட், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்து தங்கியிருக்கிற குடும்பங்கள். நம்மாட்கள் பிள்ளைக்காவது பெயரென்று ஒன்று பதிவேட்டில் இருக்கிறது, அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அதுவும் இல்லை. தமிழும் தெரியாது மலையாளமும் தெரியாது, எங்கள் குழுவில் இந்தி பேசுகிற ஆளும் இல்லை. போடி, கம்பம், நெடுங்கண்டம் வட்டாரத்தில் ஓரளவு இந்தி தெரிந்த யாராவது இருந்தால் கூட வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்குப் போனால் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்தான், ஆனால் 'நேத்து' என்று கேட்டால் அது சனிக்கிழமை, எல்லாப் பிள்ளைக்கும் லீவு. செவ்வாய், புதன் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், காட்டுவேலை முடிந்து வந்து டீ போடுகிற நேரமாகப் பார்த்துப் போவோம்.