கச்சான் காலத்தில் என்விஎம்இ: சூடா, கேஷ் நிரம்பியதா?

பெரிய கோப்பைக் கொப்பி பண்ணும்போது என்விஎம்இ டிரைவின் (மதர்போர்டில் நேரே பூட்டும் வேகமான எஸ்எஸ்டி) வேகம் திடீரென விழுந்தால், காரணம் சூடா, டிரைவின் கேஷ் (cache) நிரம்பியதா? எஸ்எஸ்டி விமர்சனங்களுக்கான சோதனை பெரும்பாலும் 20-25 பாகை அறையில்தான் நடக்கும். மட்டக்களப்பில் கச்சான் எனும் வறண்ட சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் ஏசி இல்லாத அறை மத்தியானத்தில் 33ஐத் தாண்டும். மூடிய கேஸிங்குக்குள் இன்னும் கூட. அறைச் சூடு 10 பாகை ஏறினால் டிரைவின் சூடும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். அங்கே 70 காட்டியது இங்கே 80ஐத் தொடும். கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் பல டிரைவ்கள் தாமாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்குகின்றன.

ஆனாலும் உடனே ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) வாங்க ஓடாதீர்கள். கொப்பி பண்ணும்போது வேகம் விழுவதற்கு இன்னொரு காரணம் எஸ்எல்சி கேஷ், அதாவது டிரைவ் தற்காலிகமாக வேகமாக எழுதும் பகுதி. ஒரு நினைவகச் செல்லில் 3 பிட் வைக்கும் டிஎல்சி, 4 பிட் வைக்கும் கியூஎல்சி டிரைவ்கள், காலி இடத்தில் முதலில் செல்லுக்கு 1 பிட்டாக வேகமாக எழுதும். டிஎல்சியில் 150 ஜீபி காலியென்றால் இந்தக் கேஷ் அதிகபட்சம் 50 ஜீபிதான். அது நிரம்பியதும் வேகம் சரியும்; மலிவான கியூஎல்சி பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும். அதற்கு எந்த ஹீட்சிங்கும் மருந்தில்லை. 20 வீதம் காலியாக விடுவதுதான் வழி.

இரண்டையும் பிரித்தறிய ஒரு மேசை ஃபேன் போதும். 100 ஜீபி அளவில் ஒரு கோப்பை அதே டிரைவுக்குள் கொப்பி பண்ணி, எத்தனையாவது ஜீபியில் வேகம் விழுகிறது என்று குறியுங்கள். கொப்பியை அழித்து அரை மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு கேஸிங்கின் பக்க மூடியைக் கழற்றி, ஃபேனை நேரே பிடித்து மறுபடி செய்யுங்கள். அதே ஜீபியில் விழுந்தால் கேஷ். விழாவிட்டால், அல்லது வெகு பிந்தி விழுந்தால், சூடு. வேகம் ஏறி இறங்கி ரம்பம் போலப் பல் காட்டுவதும் சூட்டின் குணம். ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) என்ற மென்பொருள், டிரைவ் எச்சரிக்கை வெப்பநிலைக்கு மேல் இருந்த மொத்த நிமிடங்களைக் காட்டும். அது பூச்சியமென்றால் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கல்முனைப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு ஒன்று: யூஎச்எஸ்-1 வகை எஸ்டி மெமரி கார்டின் தரப்படியான உச்சமே செக்கனுக்கு 104 எம்பி. அதிலிருந்து இறக்கும்போது எந்த என்விஎம்இயும் வியர்க்காது. பிசிஐஇ 5 (மதர்போர்டு இணைப்பில் 4ஐவிட வேகமான தலைமுறை) டிரைவுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசை ரேமில் போடுங்கள்.

சூடுதான் என்று உறுதியானால், மதர்போர்டோடு வரும் தட்டையான அலுமினியத் தகடே பிசிஐஇ 4 டிரைவுக்குப் பெரும்பாலும் காணும். தேர்மல் பேடின் (டிரைவுக்கும் தகட்டுக்கும் இடையில் சூட்டைக் கடத்தும் மென்மையான பட்டை) இரண்டு பக்கப் பிளாஸ்டிக் தாளையும் உரித்தீர்களா என்று பாருங்கள்; உரிக்காமல் பூட்டியவை ஏராளம். பேட் மெல்லிதானால் கொன்ட்ரோலரை (டிரைவை இயக்கும் சிப்) தொடாது, தடித்தால் பலகை வளையும். 0.5, 1, 1.5 மிமீ என்று கிடைக்கும். இடைவெளியை அளந்து வாங்குங்கள். முக்கியமாகக் குளிர வேண்டியது கொன்ட்ரோலர், நினைவகச் சிப்புகள் அல்ல. டிரைவின் ஸ்டிக்கரை உரித்தால் வாரண்டி போகலாம், அதன் மேலேயே பேடை வையுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியிலுள்ள ஸ்லொட்டில் இருந்தால் வேறு ஸ்லொட்டுக்கு மாற்றுவது செலவில்லாத வைத்தியம்.

குட்டி ஃபேன் பூட்டிய ஹீட்சிங்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கல்லடி, காத்தான்குடி போன்ற கடலோரத்து உப்புக் காற்றிலும் தூசியிலும் அந்த ஃபேன்தான் முதலில் இறுகும். கேஸிங்கின் முன்பக்கம் ஒரு 120 மிமீ ஃபேனைப் போட்டு, கச்சான் காலத்தில் தூசி வடியைக் கிழமைக்கு ஒருக்கால் தட்டிவிடுங்கள்.