மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்குக் கோபேயில் டெப்பன்யாகி

மாட்டிறைச்சிக்குப் பேர் போன ஜப்பானியத் துறைமுக நகரான கோபேயில் இருக்கிறோம் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "அந்த மாட்டிறைச்சி சாப்பிட்டீங்களா?" என்பதுதான். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. கணவருக்குப் போர்ட் ஐலண்டில், ஃபுகாகு சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கும் பகுதியில் ஆராய்ச்சி வேலை. வேலை உறுதியான அன்றே மாமியார் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார், அந்த ஊரில் போய் என்னத்தைச் சாப்பிடப் போகிறீர்கள் என்று.

வீட்டுச் சமையலைப் பொறுத்தவரை அந்தக் கவலைக்கு இடமே இல்லை. கோபே பழைய துறைமுகம், 1868இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிட்ட ஊர். இந்திய வணிகர்கள் இங்கே பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். 1935இல் கட்டிய மசூதி, ஜப்பானிலேயே முதலாவது, இன்றும் நிற்கிறது. அதன் கட்டுமானத்துக்கு இந்திய வணிகர்களும் பணம் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து கிடானோ மேட்டில் ஏறினால் பளிங்கில் ஒரு சமணக் கோயில். துவரம்பருப்பும் பெருங்காயமும் வாங்க டோக்கியோவுக்கு எழுதிப்போட வேண்டியதில்லை. வெளியே சாப்பிடப் போவதுதான் எங்களுக்குத் தயக்கமாக இருந்தது. அதிலும் இரும்புத் தட்டில் சுட்டுத் தரும் டெப்பன்யாகிக் கடைகள் பக்கமே போகவில்லை. வாசலிலேயே மாட்டின் படம், உள்ளே போய் "மாடு வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது?

பெரிய இரும்புத் தட்டின் முன்னால் விருந்தினரை உட்காரவைத்து, அவர்கள் கண்ணெதிரே சுட்டுக் கொடுக்கும் இந்த முறை பிறந்ததும் இந்த ஊரில்தான் என்று சொல்கிறார்கள். போர் முடிந்த 1945இல் இங்கே தொடங்கிய 'மிசோனோ' என்ற உணவகத்தைத்தான் எல்லோரும் முதலாவதாகக் குறிப்பிடுகிறார்கள். அப்போது ஊரே குண்டுவீச்சில் எரிந்து கிடந்தது. இரும்புத் தட்டில் இறைச்சி சுடுவதை உள்ளூர்க்காரர்களைவிட, வந்திறங்கிய அமெரிக்கப் படையினர்தான் அதிகம் ரசித்தார்களாம்.

எங்கள் தயக்கத்தை உடைத்தவர் கணவரின் ஆய்வுக்குழுத் தலைவர். புதிதாக வந்தவர்களுக்கு விருந்து என்று எங்கள் இருவரையும் அழைத்தார். விருந்துக்கு வெகுநாள் முன்னாலேயே அவர் அலுவலகத்திலிருந்து ஒரு மடல் வந்தது: எது சாப்பிடுவதில்லை, எது ஒத்துக்கொள்ளாது? மாட்டிறைச்சி வேண்டாம், மீன் பரவாயில்லை என்று எழுதினோம். மறுநாளே இன்னொரு மடல். தட்டில் மாட்டுக் கொழுப்பு தடவலாமா, தாவர எண்ணெய்தான் வேண்டுமா? மற்றவர்களுக்கு அதே தட்டில் இறைச்சி சுட்டால் சம்மதமா? சூப்பில் மாட்டெலும்புச் சாறு இருக்கிறது, மாற்றிவிடலாமா? கேட்டது அவர் இல்லை, கடையின் சமையல்காரர். நாங்கள் யோசித்தே பார்க்காததையெல்லாம் அவர் யோசித்திருந்தார்.

மதுரையில் இலை போட்ட பிறகுதான் எனக்கு இது வேண்டாம், அது கொஞ்சம் போதும் என்று சொல்வோம், பரிமாறுபவரும் சரி என்று நகர்ந்துவிடுவார். இங்கே உட்கார்ந்த பிறகு மாற்றச் சொன்னால் அவர்களுக்கு உண்மையிலேயே சங்கடம். கூடை நிறையப் பொருள் வாங்கி அளந்து வைத்திருப்பார்கள், சூப்பு முந்தின நாளே தயாராகியிருக்கும். ஆனால் முன்னாலேயே சொல்லிவிட்டால் எந்தச் சிரமத்தையும் பொருட்படுத்த மாட்டார்கள். குழந்தையின் பள்ளி உணவு, மருத்துவமனைச் சாப்பாடு, பக்கத்து வீட்டு விருந்து எல்லாவற்றிலும் இந்த நாட்டில் இப்படித்தான். எனக்கு இது புரிந்தது அந்த இரும்புத் தட்டின் முன்னால்தான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அன்று நாங்கள் ஆறு பேர். சமையல்காரர் வந்து குனிந்து வணங்கி, சமைக்கப் போகும் எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கிக் காட்டினார். முதலில் பூண்டு. மெல்லிய சீவல்களை எண்ணெயில் போட்டு, அவசரமே படாமல் பொன்னிறமாக்கி, எடுத்து ஓரமாக வைத்தார். அந்தப் பூண்டு வாசம் ஏறிய எண்ணெயில்தான் மற்றவை எல்லாம். தட்டின் நடுவில்தான் சூடு அதிகம், ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். அவர் கை எந்நேரமும் எதையாவது நடுவிலிருந்து ஓரத்துக்கும் ஓரத்திலிருந்து நடுவுக்கும் நகர்த்திக்கொண்டே இருந்தது. அடுப்பைக் கூட்டிக் குறைப்பதே இல்லை. எங்கள் இருவருக்குமான மீனையும் காய்களையும், இறைச்சி தட்டில் படுவதற்கு முன்பே, தனிக் கரண்டிகளால் சுட்டு முடித்துவிட்டார்.

அகாஷிக் கடலில் பிடித்த, ஜப்பானியத்தில் 'தாய்' (tai) என்று சொல்லும் மீன், தோல் மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக. அப்புறம் அவாஜி தீவு வெங்காயம். கோபேக்கு எதிரே கடலில் தெரிகிற தீவு அது, வெங்காயத்துக்குப் பேர் போனது. விரல் தடிமனுக்கு வட்டமாக நறுக்கி, ஓரத்துச் சூட்டில் வைத்து, சில துளி தண்ணீர் விட்டு மூடி போட்டுவிட்டார். திறந்தபோது வெல்லம் சேர்த்ததுபோல இனித்தது. எனக்கு அன்றைய விருந்தில் மீனைவிட அந்த வெங்காயம்தான் பெரியது.

மற்றவர்களுக்கு இறைச்சி வந்தபோது கூடவே ஒரு அட்டையும் வந்தது. அதில் அந்த மாட்டின் பத்து இலக்க எண். கோபே இருக்கும் ஹியோகோ மாகாணத்திலேயே பிறந்து வளர்ந்த தாஜிமா வம்ச மாடாக இருந்து, தரம் பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் அளவுகளையும் எட்டினால்தான் 'கோபே' என்ற பெயரும் செவ்வந்தி முத்திரையும் கிடைக்கும். எண்ணைத் தேடினால் மாடு எங்கே பிறந்தது, யார் வளர்த்தார் என்பதுவரை தெரியும். சாப்பிடாவிட்டாலும், ஒரு உயிருக்கு இவ்வளவு கணக்கு வைத்திருப்பது எனக்கு மரியாதையாகவே பட்டது.

நியூஜெர்சியில் இருக்கும் நாத்தனாரிடம் போனில் சொன்னபோது, "வெங்காயத்தை அடுக்கித் தீ வச்சாரா? இறாலைத் தூக்கி வாயில போட்டாரா?" என்று கேட்டார். அதெல்லாம் அமெரிக்காவில் வளர்ந்த வழக்கம் அண்ணி என்றேன். ராக்கி அவோக்கி என்ற முன்னாள் மல்யுத்த வீரர் 1964இல் நியூயார்க்கில் 'பெனிஹானா'வைத் திறந்தார். கரண்டிச் சிலம்பமும் வேடிக்கையும் அங்கே சூடுபிடித்து உலகமெல்லாம் போயின. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது பெரிய கொண்டாட்டம், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்தது இந்த ஊர்ச் சமையல்காரரின் அமைதி. கரண்டி தட்டில் உரசும் சத்தம்கூட அதிகம் கேட்காது, பக்கத்தில் இருப்பவரோடு நிம்மதியாகப் பேசலாம். அன்றைக்குத்தான் என் அரைகுறை ஜப்பானிய மொழியில் முதல்முறையாக ஒருவரோடு நெடுநேரம் பேசினேன்.

அம்மா வந்தபோதுதான் உண்மையான சோதனை. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். அதே கடைக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இங்கே சைவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இறைச்சியில் இல்லை, தாஷி என்ற அடிப்படைச் சாற்றில். நம் பக்கம் மாசிக் கருவாடு செய்கிற அதே சூரை மீனைப் புகைபோட்டு உலர்த்திச் சீவி, அதில்தான் சாறு எடுக்கிறார்கள். மிசோ சூப்பு, தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த காய் எல்லாவற்றிலும் அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சமையல்காரர் ஒரு நாள் அவகாசம் கேட்டார். கொம்பு என்ற கடற்பாசியும் உலர்ந்த ஷீட்டேக் காளானும் ஊறவைத்துத் தனிச் சாறு எடுத்துத் தருகிறேன், கடை திறந்ததும் முதல் ஆளாக வாருங்கள், அப்போது தட்டில் எதுவும் பட்டிருக்காது என்றார்.

அம்மாவுக்குத் தாமரைக்கிழங்கு, கத்தரிக்காய், காளான், ஓரங்கள் மொறுமொறுக்கச் சுட்ட தோஃபு, கடைசியில் முட்டை இல்லாத பூண்டுச் சோறு. சோறு பிசுபிசுப்பாக இருக்கிறது, ஒரு கரண்டி தயிர் இருந்தால் தேவலை என்றார். மற்றதெல்லாம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஆனால் அவர் கண் முழுக்கத் தட்டில்தான்.

"ஏன்டி, இவ்வளவு பெரிய கல்லை எப்படிப் பழக்குறாங்கன்னு அந்தத் தம்பியக் கேளு."

கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ராத்திரி கடை மூடும்போது சூடு இறங்குவதற்குள் சுரண்டி, தேய்த்து, மெல்லிசாக எண்ணெய் பூசி வைப்பாராம். புதுத் தட்டு வந்தால் ஒட்டாமல் வர நாளாகும், அதுவரை பொறுமை வேண்டும் என்றார். "நம்ம தோசைக்கல்லும் அப்படித்தான், கல்யாணத்துக்கு வாங்கினது இன்னும் புழங்குதுன்னு சொல்லு" என்றார் அம்மா. அதன்பிறகு என் வழியாக இருவரும் இரும்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், நான் ஆறிப்போன தேநீரைக் குடித்தேன்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கோபே மாட்டிறைச்சியோடு இரவு விருந்து என்றால் பல கடைகளில் ஒருவருக்கு 20,000 யென்னைத் தாண்டிவிடும். மதியம் போனால் அதைவிடக் குறைவுதான். உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீத வரி, சில இடங்களில் சேவைக் கட்டணமும் உண்டு. டிப்ஸ் வைக்கும் வழக்கம் கிடையாது.

அவ்வளவு செலவு வேண்டாம், இரும்புத் தட்டும் வேண்டும் என்பவர்கள் நகாட்டா பகுதிக்குப் போங்கள். செருப்புத் தொழிற்சாலைகள் நிறைந்த உழைப்பாளிகள் பேட்டை அது. 1995 நிலநடுக்கத்தில் மூண்ட தீயில் மிக மோசமாக எரிந்த இடங்களில் ஒன்று, மீண்டும் எழுந்திருக்கிறது. அங்கே சோபமேஷி என்று ஒரு பண்டம்: நூடுல்ஸையும் சோற்றையும் தட்டில் கொட்டி, கொத்துப் பரோட்டா போலவே கொத்திக் கிளறித் தருவார்கள். தொழிலாளிகள் டப்பாவில் கொண்டுவந்த ஆறின சோற்றைக் கடைக்காரரிடம் கொடுத்து, இதையும் சேர்த்துச் சூடாக்கித் தாருங்கள் என்று கேட்டதில் வந்ததாம். வழக்கமாக மாட்டு நரம்பு சேர்ப்பார்கள். நான் போகும் கடைப் பாட்டியிடம் வாசலிலேயே சொல்லிவிடுவேன், அவர் தலையாட்டிவிட்டு முட்டைக்கோஸை அள்ளிப்போடுவார். அங்கே முன்பதிவு எல்லாம் கிடையாது, ஆனால் ஷின்-நகாட்டா நிலையத்தில் இறங்கி, பூங்காவில் நிற்கும் ராட்சத டெட்சுஜின் ரோபோ சிலையைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள். அதற்குமேல் இடம் கிடைக்காது.