தகடூரில் ஒரு ஞாயிறு: கோடைக்காலக் கல்வெட்டுப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு

கோடை விடுமுறையில், பழைய தகடூரான தருமபுரியில் தங்கிக் கல்வெட்டுப் பயிற்சி பெற வரும் முதுகலை மாணவர்களில் பெரும்பாலோர், முதல் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் ஒகேனக்கலுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அருவியைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு இன்னொரு ஞாயிறு வரும். ஆனால் வாரம் முழுவதும் மைப்படியிலும் (கல்லின் மேல் தாளை ஒற்றி மை தடவி எடுத்த படி) ஒளிப்படத்திலும் பார்த்துப் பழகிய எழுத்தைக் கல்லிலேயே பார்க்கும் வாய்ப்பு, தங்கியிருக்கும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பயிற்சியை முடித்து, பிறகு கல்வெட்டியல் தாளையும் நேர்முகத் தேர்வையும் எழுதிக் கடந்தவர்களுள் ஒருத்தி என்ற முறையில், முதல் ஞாயிற்றை நகரத்துக்குள் செலவிடுமாறு உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

காலையில் முதலில் செல்ல வேண்டிய இடம் அரசு அருங்காட்சியகம். அதற்கு வெள்ளிக்கிழமைகளிலும் இரண்டாம் சனிக்கிழமையிலும் விடுமுறை என்பதால், வார நாள்களில் வகுப்பில் இருப்பவர்களுக்கு ஞாயிறே ஏற்ற நாள். இங்குள்ள நடுகற்கள்தான் இந்த ஊரின் பெருஞ்செல்வம். தருமபுரி, கிருட்டிணகிரி, செங்கம் ஆகிய பகுதிகளில் கிடைத்த நடுகற்கள், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறையைப் பல்லவர் கால வடிவில் கற்பவருக்கு எந்தப் பாடநூலைவிடவும் பயன்தருபவை என்பது என் கருத்து. இவற்றுள் பல, ஆநிரையைக் கவர வந்தவர்களோடு பொருது மாண்ட வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. வாசகத்தின் அமைப்பு ஏறத்தாழ ஒரே வகையானது: அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வரும், அதன்பின் நாடும் ஊரும், தொறுக் கொண்ட, அதாவது ஆநிரையைக் கவர்ந்த செய்தியும், இறுதியில் தொறு மீட்டுப் பட்டவனின், அதாவது மாண்டவனின் பெயரும் வரும். இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டு கல்லின் முன் நின்றால், தேய்ந்துபோன எழுத்துகளுக்கு இடையிலும் எந்தச் சொல் எங்கே வர வேண்டும் என்று ஊகிக்க முடியும். ஊகித்த சொல் கல்லில் தெரியும் கோடுகளோடு பொருந்துகிறதா என்று சரிபார்ப்பதே கல்லெழுத்தைப் படிப்பதில் பாதி.

எல்லாக் கற்களையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று எண்ண வேண்டாம். ஒரே ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, அதன் முன் ஒரு மணி நேரமாவது இருங்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் உருவத்தைப் பாருங்கள்: வீரன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான், கையில் வில்லா வாளா, உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா, காலருகே கெண்டி என்ற மூக்குள்ள சிறு கலமோ சிமிழோ செதுக்கப்பட்டிருக்கிறதா என்று கவனித்து, அளவு சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு கோட்டோவியம் வரைந்துகொள்ளுங்கள். அதன் பிறகே எழுத்துக்கு வாருங்கள். மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை இடம் நோக்கித்தான் கொள்ள வேண்டும். பிற்கால வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஒன்றுபோலவே தோன்றும். ஐயமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் எழுதும் வழக்கத்தை அன்றைக்கே தொடங்கிவிடுவது நல்லது, ஏனெனில் கண்ணுக்குத் தெரிந்ததையும் மனம் சேர்த்துக்கொண்டதையும் பிரித்துக் காட்டாத படிப்பை எந்தத் தேர்வாளரும் ஏற்கமாட்டார்.

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்கட்டியையோ மாவையோ தேய்ப்பவர்களை இன்னும் காண முடிகிறது. அது கல்லுக்குக் கேடு. திறந்த வெளியில் நிற்கும் கல்லுக்குக் காலை வெயிலும் மாலை வெயிலும் பக்கவாட்டில் விழும்போது பொறித்த கோடுகள் நிழலோடு தாமாகவே எழும்பித் தெரியும். உள்ளே இருக்கும் கல்லுக்கு, பணியாளரிடம் கேட்டுக்கொண்டு கைவிளக்கைப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தால் போதும்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு புறநானூற்றின் 232ஆம் பாடலைக் குறிப்பேட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடியது அது. மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், நடுகல்லில் மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் உகுக்கும் கள்ளைக் கொள்வானோ என்று அந்தப் பாட்டு கேட்கிறது. இதைக் கல்லின் முன் நின்று மெல்லச் சொல்லிப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. காலருகே செதுக்கப்பட்டிருக்கும் சிறு கலத்தைப் பார்த்த கண்ணோடு அந்த அடிகளைப் படிப்பது வேறு அனுபவம். சங்கப் பாடலுக்கும் பல்லவர் காலக் கல்லுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் இருப்பதை மறந்துவிடாமல், தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்ற, நடுகல் எடுப்பதன் ஆறு நிலைகளையும் உடன் வைத்துப் பார்த்தால், நடுகல் வழிபாடு பற்றிய வினாவுக்கு இலக்கியச் சான்றும் கல்வெட்டுச் சான்றும் கலந்த விடை எழுத முடியும். அதியமானைப் பற்றி எழுதும்போது, சம்பை என்ற ஊரில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்று அது குறிப்பதால், அசோகர் கல்வெட்டு கூறும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அது விடையளித்தது.

நண்பகலில் நடை சாத்துவதற்குள் கோட்டைக் கோயிலுக்குச் சென்றுவிட வேண்டும். மல்லிகார்ச்சுனேசுவரர் கோயிலின் தொங்கும் தூணுக்கு அடியில் துணியை நுழைத்துப் பார்க்கக் கூட்டம் நிற்கும். நீங்களும் பாருங்கள், ஆனால் அதோடு திரும்பிவிடாமல் காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தில் செதுக்கியுள்ள இராமாயணக் காட்சிகளையும் நுளம்பர் என்ற அரச மரபினரின் கலைப்பாணித் தூண்களையும் பாருங்கள். முதலாம் இராசராசனின் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டு முன்னுரையான மெய்க்கீர்த்தியில் நுளம்பபாடியும் தடிகைபாடியும் என்று மனப்பாடம் செய்த அடி, நாம் நிற்கும் வட்டாரத்தைப் பற்றியது என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மே மாத வெயிலில் பிற்பகல் ஒன்று முதல் மூன்று மணிவரை வெளியே அலைவதில் பயனில்லை. களியும் கீரைக் கடைசலும் கிடைக்கும் கடையில் சாப்பிட்டுவிட்டு, மாம்பழக் காலமாக இருப்பதால் நாலு பழமும் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பி ஓய்வெடுங்கள்.

மாலையில், சேலம் செல்லும் வழியில் உள்ள அதியமான்கோட்டைக்கு நகரப் பேருந்தில் செல்லலாம். சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் விதானத்து ஓவியங்களைக் காண்பதே நோக்கமாக இருக்கட்டும். அந்த ஊரின் காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அட்டமியன்று பெருங்கூட்டம் திரளும் என்பதால், நாள்காட்டியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

வழியில் சிற்றூர்களில் வேடியப்பன் கோயில் தென்பட்டால் இறங்கிப் பார்க்கத் தோன்றும். தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் வேடியப்பனாக வணங்கப்படுவது பல இடங்களில் நடுகல்தான். அது நமக்குச் சான்று, ஊராருக்குச் சாமி. செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடம் "ஐயா, கல்லைப் பார்த்து எழுதிக்கலாங்களா?" என்று கேட்ட பிறகே அருகில் செல்ல வேண்டும், எண்ணெயும் சந்தனமும் எழுத்தை மறைத்தாலும் துடைக்கக் கேட்காதீர்கள். பொறுமையாக உட்கார்ந்திருந்தால், கல்லைப் பற்றி ஊரில் வழங்கும் கதையை அவரே சொல்லத் தொடங்குவார். அதையும் சொன்னது சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

இரவு படுப்பதற்கு முன் குறிப்புகளைச் செப்பமாகப் படியெடுத்துவிட வேண்டும். ஊரின் பெயரோடு வட்டம், மாவட்டம் இரண்டையும் இன்றுள்ளபடி குறித்துவிட்டு, பழைய மாவட்டத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். 1965இல்தான் தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்தது. 2004இல் கிருட்டிணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே ஒரே ஊரை, வெளிவந்த ஆண்டைப் பொறுத்து நூல்கள் மூன்று மாவட்டங்களில் வைத்திருக்கும், அட்டவணையில் தேடும்போது இது பெரிதும் குழப்பும். அச்சான வாசகத்தை, தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் போன்ற தொகுதிகளில், மறுநாள் நூலகத்தில் தேடுங்கள். நீங்கள் படித்த வாசகத்தை மையினால் எழுதி முடித்த பிறகே தொகுதியைத் திறவுங்கள். வேறுபடும் எழுத்துகளைச் சிவப்பில் குறித்து, கோட்டோவியத்தோடு ஆசிரியரிடம் கொண்டுசெல்லுங்கள்.