கேட்டைக்காரர் அசையாமல் நின்ற 25 விநாடி

ராத்திரி வானத்தைப் படமெடுக்கும் பைத்தியம் பிடித்தவர்கள் தார்ப் பாலைவனத்துக்குப் போவார்கள். கையில் காசும் நெஞ்சில் மூச்சும் மிச்சமிருப்பவர்கள் லடாக்கில் ஹான்லே வரைக்கும் ஏறுவார்கள். எனக்கு வாய்த்தது வாலிநோக்கம் பக்கத்து மணல்மேடு. இங்கே வேலை மாற்றலாகி வந்தால், 'தண்ணியில்லாக் காடா?' என்று துக்கம் விசாரிப்பார்களே, அதே ராமநாதபுரம் மாவட்டம்தான். ஆனால் இந்தக் கரைக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. ஊரும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. பால்வீதியின் தடித்த நடுப்பகுதி ஏறி வருவதும் அந்தப் பக்கம்தான். மே மாத அமாவாசை என்றால் இன்னும் விசேஷம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளின் வெளிச்சமும் கடலில் இருக்காது.

பாலைவனத்துக்காரர்களுக்கு இல்லாத தலைவலி ஒன்று உண்டு: உப்பு ஈரம். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டவர் கொதிக்கிற உலையை எட்டிப் பார்த்த மாதிரி, லென்ஸ் துடைக்கத் துடைக்க மங்கும்.

சித்தப்பா மகனும் நானும் கேமரா முக்காலியை மணலில் நன்றாக ஊன்றினோம். லென்ஸ் 20 மில்லிமீட்டர். 500-ஐ லென்ஸின் எண்ணால் வகு என்பது எங்கள் கைக்கணக்கு. வகுத்தால் 25. ஷட்டரை அத்தனை விநாடி திறந்து வைக்கலாம். அதற்கு மேல் போனால் பூமி சுற்றுகிற சுற்றில் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுத்துவிடும். இருட்டுக்குப் பழகிய கண் கூசக் கூடாதென்று அவன் நெற்றியில் சிவப்பு டார்ச் கட்டியிருந்தான். நடுராத்திரி, கடலைப் பார்த்து ஒரு சிவப்பு விளக்கு. இந்தக் கரையில் அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒன்றரை மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"யாருக்குப்பா சிக்னல் குடுக்குறீங்க?" என்றார் மூத்தவர்.

பையைக் கொட்டினார்கள். பேட்டரி, துணி, ஒரு பொட்டலம் முறுக்கு. முறுக்கை இளையவர் சோதனை செய்தார். ஒன்று விடாமல் சோதனை செய்தார். எடுத்திருந்த படத்தை கேமரா திரையில் காட்டினேன். மூத்தவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார், மறுபடி குனிந்தார்.

"இம்புட்டும் மேலயா கெடக்கு?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தம்பி, எனக்குக் கேட்டை நட்சத்திரம். அது இதுல இருக்கா?"

இல்லாமலா! விருச்சிகத்தின் நடுவில் செக்கச்செவேலென்று நின்றது. வெள்ளைக்காரர்கள் அன்டாரஸ் என்பார்கள். சுமார் 550 ஒளியாண்டு தூரம், சூரியனைவிடப் பல நூறு மடங்கு பெரிது என்றேன். தூரத்தை அவர் கண்டுகொள்ளவில்லை, பெரிது என்பது பிடித்துவிட்டது. "கேட்டையில பொறந்தவன் கோட்டை கட்டி ஆள்வான்னாங்க. நான் இன்னும் குவார்ட்டர்ஸ்லதான் கெடக்கேன். சரி, அதோட சேத்து என்னைய ஒண்ணு எடு."

அசையாமல் நிற்க வேண்டும் என்றதும் அணிவகுப்பு விறைப்பில் நின்றார். பாதியில் இளையவர், "மொகம் தெரிய வேணாமா சார்" என்று டார்ச்சை அடித்தார். படத்தில் ஒரு டியூப்லைட் மட்டும் சீருடை போட்டு நின்றது. மறுபடி எடுத்தோம். இந்த முறை கேட்டை பளிச், இவர் கரிய நிழல்.

"இது நான்தான்னு எப்படித் தெரியும்?"

"தொப்பையே சொல்லுது சார்" என்றார் இளையவர். அவருக்கு மகம். அது மேற்கே இறங்கி மறைந்திருந்தது. "மகம் ஜெகத்தை ஆளும்பாங்க. பாரு, டூட்டி முடியுமுன்னே படுத்துருச்சு!" என்று மூத்தவர் பழிதீர்த்துக்கொண்டார்.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதிலிருந்து அவர் வீட்டு நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக எனக்கு வருகின்றன. மனைவிக்கு ரோகிணி, அது மே மாதத்தில் சூரியனோடு ஒட்டிக்கொண்டிருக்கும், தை மாதம் பார்ப்போம் என்றேன். மாமியாருக்கு மூலம். அது விருச்சிகத்தின் வால் நுனியில், பால்வீதிக்குள்ளேயே இருக்கிறது, உங்கள் படத்திலும் விழுந்திருக்கிறது சார் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "அதை மட்டும் அழிச்சிட முடியுமா தம்பி?"