தாடகை மலை: முகடு நிற்கணும், அடிவாரம் கரையணும்

குமரி மாவட்டத்துப் பூதப்பாண்டிப் பக்கத்து வயலிலிருந்து தெரியும் தாடகை மலை, இந்த வாட்டர்கலரில் ஒருவழியாகப் பிடிபட்டது. முகடு வெட்டினாற்போல நிற்கிறது; அடிவாரம் மூடுபனிக்குள் போய்விட்டது. முன்னால் வரப்பும் பனைகளும் இன்னும் பென்சில் கோடுதான்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தி, லேசாகச் சொரசொரக்கும் கோல்ட் பிரஸ் வகை. முழுவதும் நனைத்தால் முகடும் கலங்கிவிடும். மலையின் கீழ்ப்பாதியை மட்டும் தட்டைத் தூரிகையால் நனைத்து, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்க்கணும். நீர் தேங்கி நின்றால் பொறுக்கணும். தேக்கம் போய், சீரான பளபளப்பு மட்டும் மிஞ்சும்போது, உலர்ந்த மேல்பகுதியில் முகட்டை வரைந்து, நிறத்தை ஈரத்தின் விளிம்புவரை இழுத்துத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடணும். உடனே பலகையைத் தலைகீழாகத் திருப்பி, அடிவாரப் பக்கம் மேலே இருக்கும்படி ஒரு ரப்பரை முட்டுக்கொடுத்தால், நிறமி முகட்டுப் பக்கம் இறங்கும், அடிவாரம் வெளுக்கும். முகட்டோரம் திரளும் துளியைப் பிழிந்த தூரிகை நுனியால் உறிஞ்சியே ஆகணும். விட்டால், மற்ற இடம் உலரும்போது அந்த நீர் திரும்பி ஊறி, நிறமியைத் தள்ளிக்கொண்டுபோய் காலிஃபிளவர் போல ஓரம் சுருண்ட கறையைப் பூக்கவைக்கும்.

ஐப்பசி ஈரக்காற்றில் தாள் காய்வதே இல்லை. அந்த நேரத்தில் ‘இன்னும் ஒரு தொடுதல்’ வைக்கக் கை பரபரக்கும். முக்கால்வாசி பூ அதில் வருவதுதான். ஹேர் டிரையர் என்றாலும் பளபளப்பு அடங்கிய பிறகே. முன்பே பிடித்தால் காற்று நிறத்தைக் கோடுகோடாகத் தள்ளும்.

மலைக்கு அல்ட்ராமரின் நீலமும் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் போதும். அல்ட்ராமரின் துகள் தாளின் குழிகளில் படிந்து பாறைச் சொரசொரப்பைத் தானே தரும். தாலோ நீலம் பக்கமே போகவேண்டாம். தாளில் சாயமாக ஏறிவிடும், ஒற்றி எடுக்க வராது.

போனில் எடுத்த படத்தைப் பார்த்து நிறம் கலப்பதும் வீண். கேமரா மலையை இருட்டாக்கி, பனியை வெறும் வெள்ளையாக்கிவிடுகிறது. கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நாற்றின் பச்சை மனசில் இருப்பதே சரி: லெமன் மஞ்சளில் நீலம் தொட்டும் தொடாமலும். அந்த வயலில் இப்போது நிற்கும் வீட்டுமனை பிளாட் கற்களை வரையப்போவதில்லை.

தாள் வாங்குகிறவர்களுக்கு: கடலோர ஈரத்தில் தாள் நீரைச் சட்டென்று உறிஞ்சாமல் காக்கும் சைசிங் பசை கெட்டு, நிறம் அங்கங்கே திட்டாக உறிஞ்சப்படும். அப்புறம் எந்த வித்தையும் பலிக்காது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் வைத்துவிடுங்கள். மொத்தமாக வாங்கிக் குவிக்கவும் வேண்டாம்.

பனைகளை முடிக்கும் முன்பே மனசு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போய்விட்டது. இல்மனைட் தாதுவின் கருப்புக்குள் கார்னெட் தாதுவின் சிவப்பு ஓடும் அந்த மணலை, கருப்பு டியூபைத் தொடாமல், அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் கெட்டியாகக் கலந்து உலர்தூரிகையில் இழுத்துப் பார்க்கணும்.